சம்பந்தம் பேச ட்ரவுட் ஆற்றுக்குப் போன கதை

எனக்கு மீன் சாப்பிடத் தெரியும், பிடிக்கத் தெரியாது. அப்படியிருந்தும் போன மே மாதம், இரண்டாவது வார இறுதியில், சிட்னியிலிருந்து 450 கிலோமீட்டர் வண்டி ஓட்டி ஜிண்டபைன் போய், பனிக்கட்டிபோல் குளிர்ந்த ஆற்றுத் தண்ணீரில் இடுப்பளவு நின்றேன். காரணம் என் மகள் யாழினி.

யாழினி பரமட்டா பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கூட வேலை பார்க்கும் டேனியலைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள். இரண்டு வருடம் முடியாது என்று முறுக்கிக்கொண்டு நின்றவன் நான்தான். இந்தப் பொங்கலுக்குத்தான் இறங்கி வந்தேன். பிறகு டேனியலின் அப்பா கிரெக்கிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "மே மாதம் ட்ரவுட் மீன் ஆற்றில் ஏறும். வாருங்கள், பிடிப்போம்." கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் ஜிண்டபைனில் பிளம்பர். நான் அவரை அதுவரை பார்த்ததில்லை.

"இது சம்பந்தம் பேசக் கூப்பிடறதா, மீன் பிடிக்கக் கூப்பிடறதா?" என்று யாழினியிடம் கேட்டேன்.

"ரெண்டும்தான்ப்பா. ஜஸ்ட் கோ, ப்ளீஸ்."

என் மனைவி சுதாவுக்குக் குழப்பமே இல்லை. "ஏங்க, சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோட போவாங்களா?" என்று ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்து வைத்தாள். வெற்றிலை வாங்க ஹரிஸ் பார்க் போனேன். கடைக்கார யாழ்ப்பாணத்துத் தம்பி, "என்ன அண்ணை, வீட்டில விசேஷமோ?" என்றார். மீன் பிடிக்கப் போகிறேன் என்றேன். "வெத்திலையோடையோ?" என்று ஒரு மாதிரி பார்த்தார்.

வெள்ளிக்கிழமை காலை 6.10க்கு ஹோம்புஷ் வீட்டிலிருந்து கிளம்பினேன். 8.20க்கு கோல்பர்னில் காபி. கான்பராவைத் தாண்டியதும் ஊர்கள் குறைந்து வெறும் புல்வெளி. கூமாவில் பெட்ரோல் நிரப்புங்கள், அதற்கப்புறம் விலை கூடுதல். ஜிண்டபைன் சேரும்போது மணி 12.30. மோட்டல் அறை 140 டாலர். மூன்று நாளுக்கான மீன்பிடி லைசென்ஸ் ஏழு டாலர், போனிலேயே எடுக்கலாம்.

சனிக்கிழமை காலை 6.45, ஆற்றோரக் கார் பார்க். வண்டிக் கண்ணாடியில் வெண்பனி. கிரெக் ஆறடிக்கு மேல், வாய் நிறையச் சிரிப்பு. கை குலுக்கியதும் நான் டிக்கியைத் திறந்து தட்டை எடுத்தேன். தேங்காய், வெற்றிலை, பாக்கு, மஞ்சள், நடுவில் பன்னிரண்டு பழம் உள்ள வாழைச் சீப்பு. இரண்டு கையாலும் நீட்டினேன்.

கிரெக்கின் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு அடி பின்னால் போனார். "நோ, நோ, நோ மேட். நாட் டுடே!" என்றவர், தட்டை விரல் நுனியால் தள்ளி டிக்கிக்குள் வைத்து, கதவை அவரே அறைந்து மூடினார்.

நீட்டிய தட்டை வாங்க மறுத்தால் நம் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அப்படியே திரும்பியிருப்பேன். ஆனால் மறுத்த அதே மனிதர் எனக்கு மார்புவரை வரும் ரப்பர் கால்சட்டையை மாட்டிவிட்டு, குழந்தைக்குப் போடுவதுபோல் வாரையும் இழுத்துக் கட்டினார். பெண் வேண்டாம், பெண்ணின் அப்பா மட்டும் வேண்டுமா? ஒன்றும் விளங்கவில்லை.

ஆற்றில் கல்லெல்லாம் பாசி. நான் வழுக்கும்போதெல்லாம் கிரெக் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு இருபது மீட்டர் தள்ளிப் போய்ப் பேசாமல் நின்றார். ட்ரவுட் பிடிப்பவர்கள் பேச மாட்டார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. என் மேல்தான் கோபம் என்று நினைத்தேன். நான் வாங்கி வந்த இறாலைத் தூண்டிலில் கோக்கப் போனபோது அதற்கும் தலையாட்டி மறுத்தார். இந்த ஆற்றில் நிஜ இரை கூடாது, போலிப் பூச்சியும் உலோக மீனும்தான். நான் கொண்டுபோன எதுவுமே அங்கே செல்லவில்லை.

8.50க்கு அவருக்கு ஒரு மீன் மாட்டியது. சால்மன் என்று கத்தினேன், ட்ரவுட் என்றார். அளந்தார். 47 சென்டிமீட்டர். இந்த மாதத்தில் ஐம்பதுக்குக் குறைந்தால் எடுக்கக் கூடாதாம், தண்ணீரில் விட்டுவிட்டார். எங்களையும் இப்படித்தான் அளந்து பார்த்துவிட்டார் போல என்று தோன்றியது. யாழினியிடம் எந்த முகத்தோடு சொல்வேன்? இரண்டு வருடம் நான் முறுக்கியதற்கு இது தண்டனை என்றே நம்பினேன். அழுகை வந்தது. குளிரில் யாருக்கும் தெரியவில்லை.

10.40க்கு அவருக்கு இன்னொன்று, 54 சென்டிமீட்டர். இதை வைத்துக்கொண்டார். எனக்கு மாட்டியது ஒரு சவுக்குக் கிளை மட்டும்.

கார் பார்க்குக்கு வந்து தூண்டில்களை உறைக்குள் போட்டு ஜிப்பை இழுத்ததும் கிரெக் என் பக்கம் திரும்பினார். "சரி, இப்போ அந்தப் பழத்தை எடுங்கள். பசியில் உயிர் போகிறது."

"காலையில் வேண்டாம் என்றீர்களே?" என்றேன்.

அவர்தான் இப்போது விழித்தார். மீன் பிடிக்கும் இடத்துக்கு வாழைப்பழம் கொண்டுவரக் கூடாதாம். வந்தால் அன்று மீன் கிடைக்காதாம். இங்கே தூண்டில்காரர்கள் சிறு வயதிலிருந்தே பயப்படுகிற விஷயமாம். "தட்டை இரண்டு கையாலும் வாங்க வேண்டும் என்று யாழினி சொல்லித்தான் அனுப்பினாள். வாழைப்பழத்தைப் பார்த்ததும் கையெல்லாம் மறந்துபோச்சு. சாரி மேட்."

பிறகு இரண்டு கையாலும் வாங்கினார். நின்றபடியே இரண்டு பழம் சாப்பிட்டார். தேங்காய், வெற்றிலை, பாக்கு, மீதிப் பழம் எல்லாவற்றையும் தன் வண்டியின் முன் சீட்டில் பத்திரமாக வைத்தார். பிறகு, வெறும் தட்டைத் திருப்பித் தரக் கூடாது என்று சொல்லி, அந்த 54 சென்டிமீட்டர் மீனை அதில் வளைத்துப் படுக்க வைத்து என்னிடம் நீட்டினார். நானும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

ஊருக்குள் வந்து சிக்னல் கிடைத்ததும் சுதாவின் ஆறு மிஸ்டு கால்.

"தட்டு மாத்தியாச்சா?"

"மாத்தியாச்சுன்னுதான் நினைக்கிறேன்."

"பதிலுக்கு என்ன வச்சார்?"

"மீன்."

"தட்டுல மஞ்சள் இருக்கா?"

அடியில் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. இருக்கு என்றேன்.

"அப்ப சரி. ஐஸ் போட்டுக் கொண்டாங்க."

போக நினைப்பவர்களுக்கு: ஜூன் நீண்ட வார இறுதியோடு ஆறு மூடிவிடும், அக்டோபரில்தான் திறக்கும். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள். இறால் வாங்காதீர்கள். யாராவது தள்ளிப் போய் நின்றால் கோபம் என்று நினைக்காதீர்கள். வாழைப்பழத்தை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

ஆவணியில் கல்யாணம். மண்டபத்தின் படத்தைப் போன வாரம் கிரெக்குக்கு அனுப்பினேன். வாசலில் இரண்டு பக்கமும் குலையோடு வாழைமரம் கட்டியே ஆக வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். ஆமாம் என்றேன். அன்றைக்கு யாரும் மீன் பிடிக்கப் போவதில்லையே என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டு, சம்மதம் என்று பதில் போட்டார்.