உள்ளானுக்காக உயர்ந்த கை

என் கணவர் துறைமுகத் தொழிலாளர்களின் தலைவர். ராயபுரத்தில் அவர் பேச எழுந்தால் மீன் ஏலம்கூட அடங்கும் என்பார்கள். எனக்கோ அவர் ஒரு பறவைப் பைத்தியம். சிறுவயதில் பிடித்த பித்து, கடைசிவரை தெளியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மற்ற ஆண்கள் கறி வாங்கப் போவார்கள். இவர் எண்ணூர்க் கழிமுகத்துக்குப் போய் முழங்கால் சேற்றோடு திரும்புவார். சட்டைப் பையில் சிப்பி, இறகு, ஒருமுறை உயிருள்ள நண்டு. துவைக்கிறவள் நான் என்பது அவருக்கு ஒருநாளும் நினைவுக்கு வந்ததில்லை. பூநாரைகள் வரும் மாதங்களில், "என் சக்களத்திங்க கூட்டம் கூட்டமா வந்து எறங்குறாளுங்க" என்று நாத்தனாரிடம் சொல்லிச் சிரிப்பேன். உள்ளுக்குள் கொஞ்சம் பொறாமையும் உண்டு.

ஐம்பதுகளின் தொடக்கம். வேலைநிறுத்தம் வரப்போகிறது என்ற பேச்சு துறைமுகமெங்கும் அடிபட்டது. கப்பலிலிருந்து மூட்டைகளை இறக்கும்போது, மேலே வின்ச்சு என்ற பளுதூக்கியை ஓட்டுபவருக்குக் கீழே நடப்பது தெரியாது. ஒருவர் நின்று கையால் சைகை காட்டுவார். விரித்த உள்ளங்கை மேலே போனால், நிறுத்து என்று அர்த்தம். தலைவராவதற்கு முன் என் கணவருக்கு அதுதான் வேலை.

ஒருநாள் ஆட்களைப் பார்க்கப் போனவர், மூட்டை இறங்கும் இடத்தில் ஓர் உள்ளான் குருவி களைத்து உட்கார்ந்திருப்பதைக் கண்டார். பழக்கதோஷம், கை தானாக உயர்ந்தது. வின்ச்சு நின்றது. பக்கத்துக் கப்பல்களில் மூட்டை இறக்கியவர்கள் தலைவரின் உயர்ந்த கையைப் பார்த்து, வேலைநிறுத்தம் தொடங்கிவிட்டது என்று தாங்களும் நிறுத்தினார்கள். சற்று நேரத்தில் துறைமுகமே நின்றுபோனது.

நிறுத்திய அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்புவோம் என்று அதிகாரிகள் குதித்தார்கள். இவர் உண்மையைச் சொன்னதும் சிரித்து விட்டுவிட்டார்கள். ஆட்களின் வேலை தப்பியது. ஆனால் இதை ஆட்களிடம் எப்படிச் சொல்வது? குருவிக்குக் கை தூக்கிய தலைவரை இனி யார் மதிப்பார்கள்?

"கை மரத்துப் போச்சு, ஒதறினேன்னு சொல்லிடுங்களேன்" என்றேன்.

"என்னெ நம்பி நின்னவங்கமே அவங்க. அவங்ககிட்ட பொய் சொல்லவா?"

கோபத்தில் காபியை டக்கென்று வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டேன். ஆனாலும் சாயங்காலம் அவர் ஆட்களைக் கூட்டிப் பேசப் போனபோது, பின்னாலேயே போய்க் கூட்டத்தின் ஓரத்தில் நின்றேன்.

அவர் வழக்கமான அடுக்குமொழி எதுவும் பேசவில்லை. "நான் கை தூக்குனது ஸ்ட்ரைக்குக்கு இல்லபா. மூட்டை எறங்குற எடத்துல ஒரு உள்ளான் குந்திகினு இருந்திச்சு. நசுங்கிடுமேன்னு தூக்கிட்டேன். தப்பு என்னுதுதான்."

முன்னால் இருந்த ஒருவர் சிரிப்பை அடக்கத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

முதலில் நிறுத்திய வின்ச்சுக்காரர் எழுந்தார்.

"மேலேர்ந்து எனுக்கு ஒண்ணும் தெரில நைனா. அந்தப் பட்சி இன்னா ஆச்சு? பொயச்சிக்கிச்சா?"

"பறந்துடுச்சுபா" என்றார் என் கணவர்.

கூட்டத்தில் கைதட்டல் எழுந்தது. துண்டால் வாயைப் பொத்தியிருந்தவர்தான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார்.