கோபுரப் படியில் யர்மிலா

"காலைத் தூக்காதீங்க, தேச்சுக்கிட்டே வாங்க. தரையும் மினுங்கும், எனக்கும் வேலை மிச்சம்" என்று சொல்லிக்கொண்டே யர்மிலா விருந்து மண்டபத்தின் கதவைத் திறக்கிறார். ஷூவுக்கு மேல் கம்பளிச் செருப்பு மாட்டிய சுற்றுலாக் கூட்டம் வாத்து நடையில் பின்னால் வருகிறது.

செக் நாட்டின் இந்த மொராவியக் கோட்டை எழுநூறு வருஷமாக ஓடு நழுவாமல் நிற்கிறது. அதைச் சுற்றிக் காட்டும் யர்மிலாவின் முழங்கால்கள்தான் ஆட்டம் கண்டுவிட்டன. எந்த அறைக்குள் நுழைந்தாலும் சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொள்வார். பார்ப்பவர்களுக்கு ஏதோ அபூர்வமான கல்லைக் காட்டுவதுபோல இருக்கும். விளக்கை அணைக்கப் போகிற சாக்கில் பையிலிருக்கும் கசகசா பன்னில் ஒரு கடி. சித்திரவதை அறை எங்கே என்று யாராவது கேட்காத நாள் இல்லை.

"அதெல்லாம் கிடையாதும்மா. படிக்கட்டு இருக்கு, போதாதா?" என்பார்.

வந்தவர்களைத் தனியே விடக் கூடாது என்பது கண்டிப்பான விதி. விட்டதற்காகப் போன வருஷம் வழிகாட்டி ஒருத்திக்குச் சீட்டுக் கிழிந்தது. யர்மிலாவுக்கு ஓய்வூதியம் வர இன்னும் ஒரு கோடைகாலம் பாக்கி.

ஆகஸ்டில் ஒரு மத்தியானம், கோபுரத்தின் முதல் படியிலேயே விலேம் என்ற கிழவர் உட்கார்ந்துவிட்டார்.

"கல்யாணமான புதுசுலேருந்து கூட்டிட்டு வர்றேன், கூட்டிட்டு வர்றேன்னு சொல்லி, வந்து இங்க உக்காரவா?" என்றாள் மனைவி ஹெலெனா.

"நீ போய்ப் பாத்துட்டு வாடி. நான் எங்க ஓடிடப் போறேன்?"

கூட்டம் முணுமுணுத்தது. யர்மிலா வளைந்து ஏறும் படிகளைப் பார்த்தார், கிழவரைப் பார்த்தார். பிறகு கோபுரச் சாவியை ஹெலெனாவின் கையில் வைத்து, "யாரும் கம்பிக்கு வெளிய தலைய நீட்டாம பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு, கிழவரின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

எல்லோரும் ஏறிப் போனார்கள்.

"அந்தக் காலத்துப் பிரபுங்க வயசானா இதுல எப்படி ஏறினாங்க?" என்று கேட்டார் விலேம்.

"ஏறல. கீழேயே கிடந்து செத்தாங்க."

கிழவர் சத்தமில்லாமல் சிரித்தார். "மேலேருந்து என்னதான் தெரியும்?"

யர்மிலா சொல்ல ஆரம்பித்தார். ஆறு, அறுத்து முடித்த கோதுமை வயல், பிளம் மரங்கள், தன் வீட்டுக் கொடியில் காயும் போர்வை. தினமும் ஒப்பிக்கிற குரல் இல்லை அது. சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் தோளில் கிழவரின் தலை மெல்லச் சாய்ந்தது; லேசாகக் குறட்டை கேட்டது.

மேலே போனவர்கள் இறங்கி வந்தார்கள். முற்றத்தில் அடுத்த கூட்டத்துக்கு மணி அடித்தது. நிர்வாகி ரதோவான் கோபுர வாசலுக்கே வந்துவிட்டான்.

"யர்மிலாம்மா, என்ன நடக்குது இங்க? இவங்களை யார் மேல கூட்டிட்டுப் போனது?"

ஹெலெனா கணவரை உலுக்கக் கை நீட்டினாள்.

யர்மிலா தோளை அசைக்காமல், உதட்டில் விரலை வைத்தார்.