துரை இடம்விட்ட தோணி

நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு. 1936 மார்கழியில், பனிச்சங்கேணித் துறையில், என் கண்முன்னே நடந்தது இது.

நான் மட்டக்களப்பு அரசாங்கக் கச்சேரியில் மொழிபெயர்ப்பாளன். பெண்சாதி பிரசவத்தில் இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நான் வேலைக்குப் புறப்படும்போதெல்லாம், "இஞ்சேருங்க, குடை எடுத்தீங்களா?" என்பாள். சொற்கள் நினைவிருந்தன. குரல் மறந்துவிட்டது. எவ்வளவு முயன்றும் வரவில்லை. இதை ஒருவரிடமும் சொன்னதில்லை.

வில்மொட் துரை எங்கள் உதவி அரசாங்க ஏஜண்டர். யுத்தத்தில் கப்டனாக இருந்தவர். மெசொப்பொத்தேமியாவில் ஓர் ஆற்றைக் கடக்கையில் அவருடைய ஆட்களெல்லாம் வெள்ளத்தோடு போனார்கள். அவர் மட்டும் கரையேறினார். பதக்கம் கொடுத்தார்கள். பிறகு இலங்கையில் உத்தியோகம். மன்னார், புத்தளம், மட்டக்களப்பு. வழக்கு, வரி, வாய்க்கால்.

அன்று வாகரையில் வெள்ளச் சேதம் பார்த்துவிட்டுத் திரும்பினோம். பொழுது பட்டுவிட்டது. தோணிக்காரன் ஏரம்பமூர்த்தி கோலை ஊன்றினான்.

"உங்கட உத்தியோகத்தைக் கரையில வச்சிட்டு வந்தா, தோணி சுகமாப் போகும் துரை."

துரை சிரித்தார்.

நடு வாவியில் கோல் நின்றது. காற்றில்லை. தவளைகூடக் கத்தவில்லை.

"ரெண்டு பேரும் வாய் துறக்காதீங்க," என்றான் மெல்ல. "விளக்கு வைக்கிற நேரம் தண்ணிக்குள்ள இருந்து கூப்பிட்டா மறுமொழி சொல்லப்படாது. சொன்ன ஆள் போயிரும்."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

துரையின் முதுகு நிமிர்ந்தது. "கப்டன் என்கிறார்கள்... என் ஆட்கள்."

"வேணாம் துரை!"

"இருக்கிறேன்!" என்று கத்தினார்.

தோணி சாய்ந்தது... யாரோ ஏறியதுபோல.

துரை பலகையில் ஒதுங்கி இடம் விட்டார். மறுபடி சாய்ந்தது. மறுபடி ஒதுங்கினார்.

சளக்... சளக்...

விளிம்புவரை தண்ணீர்.

பலகையில் யாருமில்லை. ஆனால் நனைந்திருந்தது.

துரை ஓரத்துக்கு வந்துவிட்டார்.

இன்னொரு தடவை ஒதுங்கினார்...

தோணி மேலே எழுந்தது. லேசாக.

இடுப்பளவு தண்ணீர்தான் அங்கே. விடியும்வரை தேடினோம். துரை கிடைக்கவே இல்லை. விசாரணையில் 'தவறி விழுந்தார்' என்று முடித்தார்கள். நானே மொழிபெயர்த்தேன்.

வெளியே வந்து ஏரம்பமூர்த்தியிடம் கேட்டேன். "துரையைக் கூப்பிட்ட குரல் உனக்கும் கேட்டதா?"

விழித்தான். "துரையையா? இல்ல ஐயா. பொம்பிளக் குரல். 'இஞ்சேருங்க, குடை எடுத்தீங்களா' எண்டு. ரெண்டு தரம்."

இப்போதும் பொழுதுபடும் நேரம் அந்தத் துறைக்குப் போகிறேன். கையில் குடையோடு நிற்கிறேன்.

ஏரம்பமூர்த்தி காதைப் பொத்திக்கொள்கிறான்.

எனக்கு ஒன்றும் கேட்பதில்லை.