கரி கேஸ் கொட்டகை

மண்ணரை பனியன் கம்பெனியின் இன்ஜின் கொட்டகைக்குள் அன்று அப்பா மட்டும்தான் இருந்தார். அம்மா தையல் ஹாலில், பள்ளி விட்டு வந்த நான் அவள் பக்கத்தில், முதலாளி வெளியூரில். இன்றும் தெருமுனை இஸ்திரி வண்டியின் கரி வாசம் பட்டதுமே எதிர்ப்பக்கம் போய்விடுகிறேன்.

கரண்ட் போனால், துருவேறிய இரும்பு உருளைக்குள் அப்பா போடும் கரி அரைகுறையாகக் கனன்று, அதில் எழும் கேஸ் குழாய் வழியே போய் இன்ஜினை ஓட்ட, இன்ஜின் டைனமோவைச் சுற்ற, மெஷின்கள் மறுபடி தடதடக்கும். பழைய குழாய் எப்போதும் கசியும். வாசமே இல்லாத அந்த கேஸ் ஆளைக் கொல்லும் என்பதால் அப்பா கதவைத் திறந்தே வைப்பார். அன்று மழை, கரண்டும் இல்லை. கரி நனைந்தால் இன்ஜின் திணறி பல்பு மங்கும் என்று கதவைச் சாத்திவிட்டார்.

தையல் ஹாலில் பல்பு மங்கத்தான் செய்தது.

“உங்கப்பா தூங்கிட்டாராட்டிருக்குது, போயி எழுப்பி உடு கண்ணு,” என்று அம்மா சிரித்தாள்.

கதவைத் தள்ளினேன். கரிக்கூடைமேல் அப்பா கவிழ்ந்து கிடந்தார். உலுக்கியும் அசையவில்லை. நான் அலறியதில் ஓடிவந்த அம்மா, “ஏனுங்க, ஏனுங்க” என்றபடியே அவரை மழைக்குள் இழுத்துப்போட்டாள். வெகுநேரம் கழித்து இருமினார்.

மறுவாரம் கொட்டகைச் சுவரில் ஒரு ஜன்னல் வைத்தார்கள். கொத்தனார் கூலியோடு நாற்பது ரூபாய். கதவைச் சாத்தியது அப்பாதானே என்று, முதலாளி அதை அவர் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்.