எண்பது லிட்டர் நல்ல தண்ணீர்

மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு தண்ணீர் குடிக்கும் ஒருவருடைய தொண்டையை நீங்கள் பக்கத்திலிருந்து பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன், ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை வீதம் பதினைந்து நாட்கள். விழுங்குவதற்கு முன் குரல்வளை மேலே ஏறிக் கொஞ்சம் நிற்கும். பிறகு மனமில்லாமல் இறங்கும். குடித்து முடித்ததும் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் அவர் படகின் பாய்க் கயிற்றைப் பிடிக்கப் போய்விடுவார். அவரை நாங்கள் பெயின்டர் அண்ணன் என்று கூப்பிட்டோம். அவர் குடித்தது நியாயப்படி நான் குடித்திருக்க வேண்டிய தண்ணீர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை மறைத்துவைத்து உங்களை உருகவைக்கும் உத்தேசம் எனக்கு இல்லை.

வல்லம் வடகாலில் எங்கள் நிலம் தொழிற்பேட்டைக்குப் போன பிறகு, அந்த நிலத்திலிருந்து கூப்பிடு தூரத்திலேயே எனக்கு ஒரு ஷெட்டில் வேலை கிடைத்தது. ஃபைபரில் தண்ணீர்த் தொட்டி, குளியலறைக் கதவு, பூங்காக்களில் மிதிக்கிற வாத்துப் படகு எல்லாம் செய்கிற ஷெட். நான் அங்கே குவாலிட்டி செக்கர். ஒருநாள் முதலாளிக்கு ஆசை வந்து, மலேசியாக்காரர் ஒருவருக்கு முப்பத்திரண்டு அடியில் ஒரு பாய்மரப் படகு செய்து தருவதாக ஒப்புக்கொண்டார். நெல் விளைந்த மண்ணில் கடல் படகு செய்தோம். பார்க்க வந்த ஊர்க்காரர்கள், "இத்த எங்கடா வுடப் போறீங்க, ஏரிலயா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

பெயின்டர் அண்ணன் தூத்துக்குடிப் பக்கம். சுங்குவார்சத்திரத்தில் நாலு பேரோடு ஓர் அறையில் தங்கியிருந்தார். அப்போது அவருக்கு நாற்பது வயது தாண்டியிருக்கும். படகின் தரைக்கு அடியில் இருந்த குடிதண்ணீர்த் தொட்டிக்கு உள்பூச்சு அடித்தவர் அவர்தான். அடித்து முடித்த அன்று வெளியே வந்து, என்னிடம் தெளிவாகச் சொன்னார். "இன்னும் காயல டே. ரெண்டு நாளு மூடியத் தொறந்து போட்டு, மூணு தடவ வெந்நி ஊத்திக் கழுவணும். இப்பமே மூடுனா தண்ணி நாறும் பாத்துக்கோ."

நான் தலையாட்டினேன். ஆனால் செக் ஷீட்டில் அந்த மூன்று கழுவலுக்கும் காலையிலேயே டிக் போட்டிருந்தேன். எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஷிஃப்ட் தொடங்கியதும் முதல் வேலை, அன்றைய ஷீட்டில் எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டுக் கையெழுத்தையும் போட்டுவைப்பது. நிஜ வேலை அதற்கு அப்புறம் நடக்கும், அல்லது நடக்காது. ஆடிட்டர் திடீரென்று வந்தால் காட்டக் காகிதம் தயாராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அன்று மதியம் சூப்பர்வைசர் ஷீட்டைப் பார்த்தார். எல்லாம் முடிந்துவிட்டது என்று தொட்டியை மூடச் சொன்னார், லாரியையும் வரச் சொன்னார். இரண்டு வார்த்தை சொல்லி நான் நிறுத்தியிருக்கலாம். முதலிலேயே டிக் போட்டது தெரிந்துவிடுமே என்று வாயைத் திறக்கவில்லை. அண்ணன் கொஞ்சம் தள்ளி நின்று, மூடியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

படகை மலேசியாவில் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு கேப்டனை அமர்த்தினார்கள். கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வடசென்னைக்காரர். தினமும் உப்புத் தண்ணீரில் முகம் மழித்துக்கொள்வார். கூட ஆள் வைத்தால் செலவு என்று முதலாளி அண்ணனையும் என்னையும் ஏற்றிவிட்டார். வழியில் ஏதாவது உடைந்தால் செய்தவனே ஒட்டிக்கொள்ளட்டும் என்பது அவர் யோசனை. அண்ணனுக்காவது சின்ன வயதில் வள்ளத்தில் போன பழக்கம் உண்டு. நான் ஏரியில் நீச்சலடித்தவன். எனக்குக் கடலும் ஒன்றுதான், வானமும் ஒன்றுதான்.

நடுக்கடலில் ஒரு சின்னப் படகின் அன்றாடத்தைப் பற்றி யாராவது அழகாகச் சொன்னால் நம்பாதீர்கள். மூன்று மணி நேரம் சுக்கான் பிடிக்க வேண்டும், ஆறு மணி நேரம் ஓய்வு. அந்த ஓய்வில்தான் சமையல், துடைப்பு, கிழிந்த பாயைத் தைப்பது, தூக்கம் எல்லாம். படுக்கை எப்போதும் ஈரம். உட்காரும் இடமெல்லாம் உப்பு அரித்துப் புண்ணாகும். அடுப்பு ஆடும், குக்கரை ஒரு கையால் அணைத்துக்கொண்டு நிற்க வேண்டும். ரொட்டியில் மூன்றாம் நாளே பூஞ்சை பிடித்தது, அதைச் சுரண்டிவிட்டுத் தின்றோம். மூன்று பேருக்கு ஓர் ஆட்டோவின் பின்சீட் அளவு இடம். ஒருவர் மூச்சு இன்னொருவர் மேல் பட்டுக்கொண்டே இருக்கும். வாந்தி எடுத்து எடுத்து, முதல் மூன்று நாள் எனக்கு நான் யார் என்பதே மறந்துபோயிருந்தது.

நாலாம் நாள், கொண்டுவந்த பாட்டில் தண்ணீர் தீர்ந்து, தொட்டியின் கைப்பம்பை அடித்தோம். கேப்டன் ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினார். ஷெட்டில் நாள் முழுக்க மூக்கில் ஏறுமே, அதே ரெசின் நாற்றம். காய்ச்சிப் பார்த்தோம், நாற்றம் கொஞ்சம் குறைந்தது. நாக்கில் எரிச்சல் மட்டும் குறையவில்லை.

"டேங்க்ல இன்னா ஊத்தி வச்சிகீறீங்க? தண்ணியா, தின்னரா?" என்றார் கேப்டன். படகோடு வந்த ஃபைலைப் பிரித்து என் ஷீட்டை எடுத்தார். என் கையெழுத்து நன்றாக இருக்கும். மூன்று டிக்கும் பளிச்சென்று இருந்தன.

"யாரு இத்த செக் பண்ணது?"

"நான்தான் சார். கழுவி, பாத்துட்டுத்தான் டிக் போட்டேன்." எனக்கே ஆச்சரியம், குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

"அப்ப அடிச்சவன்தான் சரியா அடிக்கல." அண்ணன் பக்கம் திரும்பினார். "நீதான அடிச்ச?"

"ஆமா சார்," என்றார் அண்ணன். என்னைப் பார்த்தார். மேலே ஒரு வார்த்தை பேசவில்லை.

அவசரத்துக்கென்று கேப்டன் கொண்டுவந்திருந்த இருபது லிட்டர் கேன் நாலு இருந்தது. அவர் அதைக் கணக்குப் போட்டார். "எண்பது லிட்டர் கீது. காத்து இல்ல, எப்டியும் இன்னும் பதினஞ்சு இருபது நாளு ஆவும். ரெண்டு பேருக்கு வரும், மூணு பேருக்கு வராது. யாரு கெடுத்தானோ அவன் கெட்டுப்போனத குடிக்கட்டும்." அந்தமானில் ஒதுங்கித் தண்ணீர் பிடித்துக்கொள்ளலாமே என்று அண்ணன் கேட்டார். "நீ பண்ண தப்புக்கு நான் ரூட்ட மாத்தணுமா?" என்று அதோடு பேச்சை முடித்துவிட்டார். மூன்று பேரும் ஆளுக்குக் கொஞ்சம் கெட்ட தண்ணீரைக் குடித்திருந்தால் ஒருவருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் வருகிற கணக்கு அது. எனக்கும் வந்தது. சொல்லவில்லை.

அன்றிலிருந்து அடுப்பில் இரண்டு குக்கர் ஏறியது. கேன் தண்ணீரில் எங்களுக்குச் சோறு, தொட்டித் தண்ணீரில் அவருக்கு. இரண்டையும் ஆக்கிக் கொடுத்தது நான். அவருக்குத் தலைவலி விடாமல் இருந்தது. உதட்டு ஓரமும் நாக்கும் வெந்து, உப்பு பட்டால் கண்ணை மூடிக்கொள்வார். பத்தாம் நாள் வாக்கில் சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்தது. அப்படியும் தன் மூன்று மணி நேரத்தை அவர் ஒருநாளும் விட்டுக்கொடுக்கவில்லை. முடியாதபோது நான் அவருடைய முறையையும் சேர்த்துப் பார்க்கிறேன் என்றேன். அதற்கு மட்டும் பெருந்தன்மை இருந்தது எனக்கு.

ஒருநாள் பகலில், கேப்டன் கீழே தூங்குகிறார் என்று நினைத்து, என் பங்கிலிருந்து அரை டம்ளர் நல்ல தண்ணீரை அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் கை நீட்டிவிட்டார். அதற்குள் படிக்கட்டில் கேப்டனின் தலை தெரிந்தது. அவர் கத்தவில்லை. "குடு, குடு. தாராளமா குடு. நாளைலருந்து உனுக்கும் டேங்க் தண்ணிதான்," என்றார். நான் டம்ளரைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். இழுத்ததோடு நிறுத்தியிருக்கலாம். அண்ணனின் நீட்டிய கை நீட்டியபடி இருக்க, அவர் முன்னாலேயே அதைக் குடித்தும் காட்டினேன். கேப்டன் சிரித்துக்கொண்டே கீழே இறங்கிவிட்டார். கேப்டன் கொடூரமான ஆள்தான். ஆனால் அந்த அரை டம்ளரைக் குடித்தது அவர் வாய் அல்ல.

பத்தொன்பதாம் நாள் கரை தெரிந்தது. ஒரு கேன் முழுசாக மிச்சம் இருந்தது. வாங்குகிறவர் பார்க்கும்போது மேல்தளத்தில் உப்புப் படிந்திருக்கக் கூடாது என்று, அந்த இருபது லிட்டரை ஊற்றிக் கழுவச் சொன்னார் கேப்டன். கழுவினேன். அண்ணன் பாய்மரத்தடியில் சாய்ந்து உட்கார்ந்து, பலகை மேல் ஓடிய தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊர் திரும்பியதும் முதலாளி எங்கள் இருவரையும் முன்னால் நிறுத்திவைத்து, கேப்டன் எழுதிக் கொடுத்ததைப் படித்தார். தொட்டி வேலையில் குறை, அடித்தவர் இவர். செக் ஷீட் ஒழுங்காக இருக்கிறது, பார்த்தவர் இவர். அண்ணனை அன்றே கணக்கு முடித்து அனுப்பினார்கள். அந்த ஷீட்டைக் காட்டித்தான் பிறகு ஒரகடத்தில் பெரிய கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது. இப்போது எனக்குக் கீழே ஆறு செக்கர்கள் இருக்கிறார்கள். அவர்களும் காலையிலேயே டிக் போட்டுவிடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

இத்தனை வருடமும் நான் நிம்மதியாகத் தூங்கியது ஒரே ஒரு எண்ணத்தால்தான். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, தம்பி போலப் பார்த்திருக்கிறார், எனக்காகத் தாங்கிக்கொண்டார் என்று நம்பினேன். என் மனைவியிடம்கூட அப்படித்தான் சொல்லியிருக்கிறேன், கண்ணில் தண்ணீர் வர.

போன மாதம் வேலை விஷயமாகச் சுங்குவார்சத்திரம் போனவன், பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். பாதி ஆளாக இருந்தார். பக்கத்தில் ஒரு ஹாஸ்டலில் வாட்ச்மேனாம். குன்றத்தூரில் மகள் வீட்டுக்குப் போகக் கிளம்பியிருந்தார். டீ சொன்னேன், வேண்டாம் என்றார். "வயித்துல புண்ணு. சூடும் சேராது, காரமும் சேராது."

எனக்குத் தாங்கவில்லை. "அண்ணே, அன்னிக்கு நீங்க வாயத் தொறந்திருந்தா என் கதி என்னா ஆயிருக்கும்? என்னக் காப்பாத்துனீங்க. அத்த நான் மறக்கல," என்றேன்.

அவர் என்னைப் புரியாமல் பார்த்தார். அப்புறம் சிரித்தார்.

"ஒன்னயா? ஒன்ன எதுக்குடே நான் காப்பாத்தணும்? சொல்லியிருந்தா அந்த ஆளு ஒன்னையும் அதத்தான் குடிக்க வச்சிருப்பான். ரெண்டு பேரும் சுருண்டுட்டா பாயப் பிடிக்கது யாரு? நீ தெம்பா இருந்தாத்தான நான் கர சேர முடியும். அதுக்காவ வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன்."

பஸ் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டே தொடர்ந்தார். "கரைக்கு வந்த பொறவு நீயே சொல்லுவன்னு பாத்தேன். மொதலாளி முன்னால நின்னோம்லா, நீயும் பக்கத்துலதான நின்ன."

"என்ன மன்னிச்சிருங்கண்ணே."

"அத ஒங்கிட்டயே வச்சிக்கோ. பஸ்ஸு வந்துட்டு."

கம்பியைப் பிடித்து மெதுவாக ஏறி, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தார். என் பக்கம் திரும்பவில்லை. கண்டக்டர் என்னைப் பார்த்து, "குன்றத்தூர், குன்றத்தூர்! ஏறு சார்," என்று கத்தினார். என் வீடும் குன்றத்தூரில்தான். நான் ஏறவில்லை.