அழகரத்தினம் அண்ணைக்குக் குறைந்த ஒரு வாக்கு

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த இக்காஸ்ட் ஊரில் துணி ஆலை மூடியபோது மற்றவர்கள் வேறு ஆலை தேடினார்கள். அழகரத்தினம் அண்ணை மட்டும் குத்தகைக்குக் காணி எடுத்து உருளைக்கிழங்கு போட்டார். மனுசனுக்கு விசர் என்றோம். இரண்டாம் வருடம் அவருடைய கிழங்கைத்தான் வாங்கித் தின்றோம்.

அவரை அரசியலுக்கு இழுத்தது ஒரு பஸ். முதியோர் இல்லங்களில் வேலை செய்யும் நாங்கள் விடிய ஐந்தரைக்கு ஏறும் பஸ்ஸை நிறுத்தப் பார்த்தார்கள். அண்ணை சேற்றுச் சப்பாத்தோடு பிராந்திய சபைக்குப் போய்ச் சண்டை பிடித்தார். அடுத்த தேர்தலில் ஒரு கட்சி அவரையே வேட்பாளராக நிறுத்த, வென்றும் விட்டார். அந்தப் பிராந்திய சபையை நாங்கள் மாகாணசபை என்போம். நாலு வருடம் பஸ் ஓடியது.

இரண்டாவது தேர்தலுக்குக் கோயில் மண்டபத்தில் கூட்டம். அண்ணையின் கட்சியிலேயே நின்ற இன்னொரு வேட்பாளர் நிக்கலஸும் வந்திருந்தார். பஸ் வீண்செலவு என்பவர். ஆனால் எங்கள் வடையை நாலு தின்றார். வந்த விருந்தாளி முகம் கோணக்கூடாதென்று அண்ணை சொன்னார்: "நிக்கலஸையும் மறந்திடாதேங்கோ."

கட்சிக்குக் கிடைத்தது ஒரே இடம். அது நிக்கலஸுக்கு. ஆளின் பேருக்குப் போடும் விருப்பு வாக்கு அண்ணைக்கு அவரைவிட ஒன்றே ஒன்று குறைவு.

ஒன்றுமே விளங்கவில்லை. எல்லாரும் வாக்குச்சீட்டில் அண்ணைக்குத்தான் புள்ளடி போட்டதாகச் சத்தியம் செய்தார்கள். நானும் செய்தேன்.

"எத்தினை புள்ளடி போட்டனீர்?" என்று அண்ணை என்னைக் கேட்டார்.

"ரெண்டு. உங்களுக்கு ஒண்டு, நிக்கலஸுக்கு ஒண்டு. ஊரிலை மூண்டு பேருக்குப் போடலாந்தானே?"

"இஞ்சை ஒண்டுதான்! ரெண்டு போட்டால் கட்சிக்குப் போகும், ஆளுக்குப் போகாது. போன முறை ஒழுங்காத்தானே போட்டனீங்கள்?"

"போன முறை நிக்கலஸ் வரேல்லையே, அண்ணை."

அதற்குப் பிறகு எங்கள் சனத்தின் மூளையைப் பற்றி அவர் ஏசிய ஏச்சை எழுத முடியாது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. அவர் சொல்லித்தானே போட்டோம்?

தேத்தண்ணியோடு வந்த அவருடைய மனைவி புஸ்பராணி அக்கா கேட்டார். "நீங்கள் எத்தினை போட்டனீங்கள்?"

"ஒண்டுதான்."

"ஆருக்கு?"

அண்ணை கோப்பையைப் பார்த்தார். "எனக்கு நானே போடுறதோ? வெக்கங்கெட்ட வேலை. நிக்கலஸுக்குத்தான்."

புது சபையில் பஸ்ஸுக்காகக் கதைக்க ஆளில்லை. தை மாதத்தோடு நிறுத்திவிட்டார்கள். இப்போது ஐந்தரைக்கு அண்ணைதான் கிழங்கு ஏற்றும் வான் வண்டியில் எங்களைக் கொண்டுபோய் விடுகிறார். யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்று தெரியாமல் எல்லாரும் கிழங்கு மூட்டைகளுக்கு நடுவே குந்தியிருந்து போகிறோம்.