தம்பியின் காலில் இருந்த பாட்டு

எங்கள் ஜவ்வாது மலையில் யாராவது கைதட்டினால், சாமைக் கொல்லையில் குருவி இறங்கிவிட்டது, எழுந்து விரட்ட ஓடு என்று பொருள். பாராட்டுக்காகக் கைதட்டுவார்கள் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாத சங்கதி. கணியம்பாடிப் பக்கத்திலிருந்து புதிதாக வந்த பால்வாடி டீச்சருக்கோ குருவி விஷயம் தெரியாது. முதல் நாள் பாட்டு வகுப்பில், எல்லோரும் இப்படித் தட்டுங்கள் என்று தட்டிக் காட்டினார். மறு நொடி கொட்டகையில் ஒரு பிள்ளை இல்லை. அத்தனை பேரும் 'ஓ'வென்று கத்திக்கொண்டு வெளியே ஓடிவிட்டார்கள். எல்லோருக்கும் முன்னால் ஓடியவன் என் தம்பி.

"குருவி எங்க டீச்சர்?" என்று மூச்சிரைக்கத் திரும்பி வந்து கேட்டான். டீச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அப்போது எனக்கு ஏழு வயது, பக்கத்துக் கொட்டகைப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு. பாட்டு நேரத்தில் மட்டும் எங்களையும் பால்வாடிப் பிள்ளைகளோடு உட்கார வைப்பார்கள். சாமை விதைப்பதில் தொடங்கிக் கூழ் கொதிப்பதில் முடியும் ஒரு பாட்டை டீச்சரே எங்களுக்காகக் கட்டியிருந்தார். ஒரு தரம் கேட்டதுமே எனக்கு அது முழுக்க வந்துவிட்டது, கூடவே தலைக்கனமும். ஆனால் கையைக் காலை ஆட்டச் சொன்னால் மரக்கட்டை போல நிற்பேன். மேல்வீட்டுச் சிறுமி ஒருத்தி வாயே திறக்காமல் ஒரு வாரம் டீச்சரின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு நாள் தானாக எழுந்து, விதைப்பது முதல் கிண்டுவது வரை ஒரு பிசகில்லாமல் செய்து காட்டினாள். எங்கள் இருவரையும் டீச்சர் அவரவர் போக்கில் விட்டுவிட்டார்.

தம்பிதான் வில்லங்கம். உட்கார வைத்தால் ஒரு வரி வராது. கொட்டகையைச் சுற்றி ஓடும்போது மட்டும் ஏதோ முணுமுணுப்பான். ஒரு முறை பால்வாடியைப் பார்வையிடக் கீழேயிருந்து ஜீப்பில் வந்த ஆபீசரம்மா இந்த ஓட்டத்தைப் பார்த்துவிட்டு, "அடுத்த தடவை வரும்போதும் இவன் ஒழுங்கா உட்கார்ந்து பாடலைன்னா பேரை அடிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சேதி அப்பா காதுக்கு எட்டியது. "அவன அனுப்ச்சிட்டாங்கன்னா நீயும் வூட்லயே இரு. நாங்க கொல்லை வேலைக்குப் போய்ட்டா அவன யாரு பாக்கறது?" என்றார். கோபமில்லாமல், ஆட்டை எங்கே கட்டுவது என்று சொல்வது போலச் சொன்னார். எனக்குச் சோறு இறங்கவில்லை. பள்ளிக்கூடம் என்றால் எனக்கு அப்படி ஒரு ஆசை.

ஆகவே தம்பியை நானே திருத்தக் கிளம்பினேன். அவன் முழங்கால்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு பாட்டைச் சொல்லிக் கொடுத்தேன். காலை ஆட்டினால் ஒரு கிள்ளு. நாலைந்து நாளில் கால் அடங்கிவிட்டது. பாட்டும் சேர்ந்து அடங்கிப்போனதை நான் கவனிக்கவில்லை.

ஆபீசரம்மா மறுபடி வந்தார். தம்பி பாதங்கள் இரண்டையும் ஒட்டி வைத்துக்கொண்டு பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"பரவாயில்லையே. எங்க, பாடு பார்ப்போம்."

வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. என்னைப் பார்த்தான், கண் நிறைந்துவிட்டது. ஆபீசரம்மா ரிஜிஸ்தரை விரித்துப் பேனாவின் மூடியைக் கழற்றினார். என் பள்ளிக்கூடம் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

டீச்சர் அவனைப் பார்த்தார், அவனுடைய ஒட்டிய பாதங்களைப் பார்த்தார். பிறகு ஓங்கி இரண்டு முறை கைதட்டினார்.

தம்பி துள்ளி எழுந்து வெளியே பாய்ந்தான். இந்த முறை அவன் வாயிலிருந்து 'ஓ' வரவில்லை, பாட்டு வந்தது. சாமை முளைக்கும்போது புளியமரத்தடியில் இருந்தான். கதிர் அறுக்கும்போது ஜீப்புக்குப் பின்னால் இருந்ததால் குரல் மட்டும் கேட்டது. கூழ் கொதிக்கும்போது வாசலுக்கு வந்து நின்றான். ஒரு சொல் விடவில்லை. அவன் என் தம்பி என்று கூரையில் ஏறிக் கத்த வேண்டும்போல் இருந்தது.

"இது இன்னாம்மா, ஓடவிட்டுப் பாட வைக்கிறீங்க?" என்றார் ஆபீசரம்மா.

"அவனுக்குக் கால் ஓடினாதாம்மா பாட்டு வருது. முழுசா வந்துச்சா இல்லியா, நீங்களே சொல்லுங்க."

"உட்கார்ந்து பாடணும்னு நான் சொல்லிட்டுப் போனேன் இல்ல?"

"சொன்னீங்கம்மா. ஆனா பேர நான் அடிக்க மாட்டேன்."

ஆபீசரம்மா பேனாவை மூடி, ரிஜிஸ்தரை டீச்சரிடமே கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினார். தம்பியின் பேர் தப்பியது. மறுநாள் நான் சிலேட்டோடு பள்ளிக்கூடம் போனேன்.

ஜீப் திருப்பத்தில் மறைந்ததும் டீச்சர் அப்படியே தரையில் உட்கார்ந்து, "கொஞ்சம் தண்ணி கொண்டாம்மா" என்றார். கொண்டுபோய்க் கொடுத்தேன். தம்ளர் அவர் கையில் தடதடவென்று ஆடிப் பாதித் தண்ணீர் சேலையில் கொட்டியது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வீட்டுக்கு ஓடிப்போய், இவ்வளவு பெரிய டீச்சருக்குத் தண்ணீர் குடிக்கத் தெரியவில்லை என்று அம்மாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.